இரண்டு பஞ்சம், ஒரே நாற்காலி: சாலிஸ்பரி பிரபு – ஒரு நிகழ்வு ஆய்வு

1867 ஆகஸ்டு 2. லண்டன் மக்கள் சபையில் ஒரிசா பஞ்சத்தைப் பற்றிய விவாதம். ஐந்து மாதத்துக்கு முன்புவரை இந்தியா மந்திரியாக (பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்திய ஆட்சிக்குப் பொறுப்பானவர்) இருந்த 37 வயது கிரான்போர்ன் பிரபு, பின்னாளைய சாலிஸ்பரி பிரபு, எழுந்து பேசினார். அதிகாரிகள் கனவில் நடப்பவர்களைப் போல நடந்துகொண்டார்கள் என்றார். மேலதிகாரியின் முகம் கோணாமல் நடந்துகொண்டால் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தார்கள் என்றார். பொருளாதாரக் கோட்பாட்டைக் குலதெய்வம் போலக் கும்பிட்டார்கள். மனிதன் சோறில்லாமல் சில நாளுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது என்பதையே மறந்துபோனார்கள் என்றார். பணம் வீணாகிவிடுமோ என்று பயந்தவர்கள், உயிர்கள் போவதற்குத் துணிந்தார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டின் உச்சம்.

சபையின் இரு பக்கமும் ஆரவாரம் எழுந்தது. எதிர் வரிசையில் இருந்த ஜான் ஸ்டூவர்ட் மில் எழுந்து, நடுவே நடந்து வந்து கிரான்போர்னுக்கு வாழ்த்துச் சொன்னார். மில் சாதாரண ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து, இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை எழுதியவர்.

அடுத்த ஆண்டு கிரான்போர்னின் தந்தை காலமானார். மகன் மூன்றாவது சாலிஸ்பரி மார்க்விஸ் ஆனார். பின்னால் மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமரும் ஆனார். சரித்திரப் புத்தகங்களில் நாம் காணும் சாலிஸ்பரி பிரபு இவர்தான். 1874இல் அவர் மறுபடி இந்தியா மந்திரியாக வந்தார். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது அதைத்தான். ஒரிசாவுக்காக அப்படிப் பேசிய மனிதர், அதே நாற்காலியில் இருந்தபோது, அவர் கண்டித்த அதே தவறு இன்னும் பெரிய அளவில் எப்படி நடந்தது? இந்த ஆய்வின் கேள்வி இது ஒன்றுதான்.

ஆள் யார்

ராபர்ட் காஸ்கோய்ன்-செசில் பிறந்தது 1830 பிப்ரவரி 3, ஹாட்ஃபீல்டு மாளிகையில். முதலாம் எலிசபெத் ராணியின் நம்பிக்கைக்குரிய அமைச்சர் வில்லியம் செசிலின் வழிவந்த குடும்பம். அந்த மாளிகையைக் கட்டியது வில்லியமின் மகன் ராபர்ட் செசில். 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி சாசனம் கொடுத்தபோது அரசுச் செயலராக இருந்தவரும் அந்த ராபர்ட்தான். இந்தியாவோடு இந்தக் குடும்பத்தின் தொடர்பு கம்பெனியின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

பெரிய வீட்டுப் பிள்ளை என்றாலும் சுகமாக வளர்ந்தவர் இல்லை. ஒன்பது வயதில் தாயை இழந்தார். ஈட்டன் பள்ளியில் மற்ற பையன்கள் தினமும் அடித்தார்கள். தாங்க முடியாமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 15 வயதில் பள்ளியை விட்டு எடுத்துவிட்டார்கள். விடுமுறையில் லண்டனில் நடக்கும்போதுகூட, ஈட்டன் பையன் எவனாவது எதிரே வந்துவிடுவானோ என்று பெரிய தெருக்களை விட்டுச் சந்துகளில் போவாராம். ஆக்ஸ்போர்டில் உடம்பு முடியாமல் படிப்பு பாதியில் குலைந்தது. வைத்தியர் சொன்னபடி 1851 முதல் 1853 வரை தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கப்பலில் சுற்றினார். திரும்பியதும் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியில் போட்டியே இல்லாமல் உறுப்பினர் ஆனார். 1857இல் ஒரு நீதிபதியின் மகளான ஜார்ஜினா ஆல்டர்சனை அப்பா சம்மதமில்லாமல் கல்யாணம் செய்தார். கைச்செலவுக்குப் பத்திரிகைகளில் எழுதினார். மூத்த மகன் இல்லை என்பதால் சொத்தும் பட்டமும் அண்ணனுக்குத்தான் போக வேண்டும். 1865இல் அண்ணன் இறந்ததும் எல்லாம் இவர் பக்கம் திரும்பியது.

அடிபட்ட பிள்ளை, கூட்டத்தை நம்பாத மனிதர், தன் பேனாவால் சம்பாதித்தவர். அடிமட்டத்தில் துன்பப்படுபவனின் நிலை இவருக்கு விளங்கியிருக்கும் என்று எதிர்பார்க்க எல்லாக் காரணமும் உண்டு. 1867 பேச்சைப் படிக்கும்போது விளங்கியதாகவே தோன்றுகிறது.

ஒரிசா, 1866

1865இல் ஒரிசாவில் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. நெல் கருகியது. கட்டாக்கில் இருந்த கமிஷனர் ராவன்ஷா வெளியிலிருந்து அரிசி வரவழைக்கலாமா என்று கல்கத்தாவைக் கேட்டார். வருவாய் வாரியம் மறுத்தது. விலை ஏறினால் வியாபாரி தானே அரிசி கொண்டுவருவான், சர்க்கார் தலையிட்டால் கெடுதல்தான், நிவாரண வேலைக்குக் கூலியைக் காசாகக் கொடுங்கள் என்று பதில். காசு கொடுத்தார்கள். கையில் காசு இருந்தது, சந்தையில் அரிசி இல்லை. வங்காளத்தின் துணை கவர்னர் செசில் பீடன் 1866 பிப்ரவரியில் நேரில் வந்து பார்த்தும் முடிவை மாற்றவில்லை. ஜூனில் பருவமழை தொடங்கியது. அந்தக் கடற்கரையில் கப்பல் ஒதுங்க முடியாது. உள்நாட்டுப் பாதையெல்லாம் சேறு. ஒரிசா பூட்டிய அறையாகிவிட்டது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் மூன்றில் ஒருவர் என்பது பொதுவான கணக்கு.

கிரான்போர்ன் இந்தியா மந்திரியாகப் பொறுப்பேற்றது 1866 ஜூலை 6. முக்கியமான தவறுகள் எல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருந்தன. ஆனால் அவர் அதைச் சொல்லித் தப்பிக்கவில்லை. இரண்டு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை, விளைவுக்கான பழியிலிருந்து நான் முழுக்க விடுபட்டவன் என்று என்னால் ஒருபோதும் உணர முடிந்ததில்லை என்று பின்னாளில் எழுதினார். விக்டோரியா காலத்து மந்திரி ஒருவர் இப்படி எழுதுவது அபூர்வம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை: அந்த வருத்தம் உண்மையானது.

அவர் அப்போது பதவியை விட்டதற்குக் காரணம் ஒரிசா இல்லை. 1867 மார்ச்சில், உழைக்கும் மக்களில் ஒரு பகுதிக்கு வாக்குரிமை தரும் மசோதாவை அதே அரசின் நிதி மந்திரி டிஸ்ரேலி கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து ராஜினாமா செய்தார். அவரோடு வெளியேறிய கார்னர்வன் பிரபுவின் குடியேற்றத் துறை பக்கிங்ஹாம் கோமகன் கைக்குப் போனது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துச் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் அவர்.

இடைப்பட்ட காலம்

1874 பிப்ரவரியில் சாலிஸ்பரி மறுபடி இந்தியத் துறைக்கு வந்தபோது பீகாரில் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. ஒரிசாவில் சூடுபட்ட சர்க்கார் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. வைஸ்ராய் நார்த்புரூக்கின் கீழ் சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வரவழைத்தார். சாவு மிகக் குறைவு. பெரும்பாலான முடிவுகள் சாலிஸ்பரி வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. பெருமை நார்த்புரூக்குக்கும் டெம்பிளுக்கும் உரியது. சர்க்கார் மனசு வைத்தால் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரித்தனம் என்ற ஏச்சு. அந்த ஏச்சு டெம்பிளின் முதுகில் ஆழப் பதிந்தது. பின்னால் சென்னை அதற்கு விலை கொடுத்தது.

1875 ஏப்ரலில் சாலிஸ்பரி எழுதிய ஒரு குறிப்பு இந்திய அரசியலில் என்றும் நிலைத்துவிட்டது. வரிச் சுமையில் விவசாயியின் பங்கு குறைய வேண்டும் என்பது அதன் வாதம். கிராமத்தில் முதல் இல்லை, நகரத்தில் மிஞ்சிக் கிடக்கிறது. அதிலும் இந்தியாவின் வருமானத்தில் பெரும்பகுதி நேரடிக் கைம்மாறு இல்லாமல் வெளியே போகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு அந்த வரி: இந்தியாவின் ரத்தத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால், ரத்தம் கட்டி நிற்கும் இடத்தில் கத்தியை வைக்க வேண்டும், ஏற்கெனவே ரத்தமில்லாமல் சோர்ந்த இடத்தில் வைக்கக் கூடாது.

இதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். உழவன்மேல் இரக்கம் என்று ஒரு பக்கம், கொள்ளைக்கு வாக்குமூலம் என்று மறுபக்கம். எனக்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் தெரிகிறது. நோயாளி எங்கே பலவீனமாக இருக்கிறான் என்று சரியாகப் பார்த்துவிட்டார். ரத்தம் எடுப்பதை நிறுத்தலாமே என்ற யோசனை அவர் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

அந்தக் காலத்தில் அவர் வேறென்ன செய்தார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்காக, இந்தியாவில் இறங்கும் பருத்தித் துணிமீதான இறக்குமதி வரியை எடுக்கச் சொல்லி நார்த்புரூக்கை நெருக்கினார். ஆப்கன் கொள்கையிலும் அவரோடு மோதினார். நார்த்புரூக் பதவி விலகினார், 1876 ஏப்ரலில் லிட்டன் வைஸ்ராயாக வந்தார். அதே ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வுக்கான வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைந்தது. கடல் தாண்டி லண்டன் போய் எழுத வேண்டிய தேர்வு அது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு கிட்டத்தட்டச் சாத்தப்பட்டது.

தாது வருஷம்

1876இல் தென்மேற்குப் பருவமும் போனது, வடகிழக்கும் போனது. அக்டோபர், நவம்பரிலேயே பெல்லாரி, கடப்பை, கர்னூல், சேலம், கோயம்புத்தூர் பக்கங்களில் தானிய விலை மடங்கு மடங்காக ஏறியது. பக்கிங்ஹாம் கோமகனின் சென்னை சர்க்கார் ஒரு வியாபார நிறுவனம் மூலம் ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கியது. லிட்டனின் இந்திய சர்க்கார் அதைக் கண்டித்து, மேற்கொண்டு வாங்கக் கூடாது என்றது. காரணம்? வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது. 1866இல் ராவன்ஷாவுக்கு வந்த அதே பதில், பத்தே வருஷத்தில், வேறு கையெழுத்தோடு.

அப்போது சாலிஸ்பரி எங்கே இருந்தார்? கான்ஸ்டாண்டிநோபிளில். துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே மூண்ட நெருக்கடியைத் தீர்ப்பதற்காகக் கூடிய மாநாட்டுக்குப் பிரிட்டனின் பிரதிநிதியாக நவம்பரில் புறப்பட்டார். பாரிஸ், பெர்லின், வியன்னா, ரோம் என்று தலைநகரங்களைத் தொட்டுக்கொண்டு போனார். மாநாடு 1876 டிசம்பர் 23 முதல் 1877 ஜனவரி 20 வரை நடந்து, பலன் இல்லாமல் கலைந்தது. அந்த நாட்களுக்கு நடுவில்தான், ஜனவரி 1 அன்று, டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார். அதே ஜனவரியில்தான் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பஞ்ச நிவாரணம் எந்தத் திசையில் போகும் என்பது முடிவான வாரங்களில், அதற்குப் பொறுப்பான மந்திரி இரண்டு கண்டங்கள் சந்திக்கும் ஜலசந்தியின் கரையில் வேறொரு சாம்ராஜ்யத்தின் தலைவிதியைப் பேசிக்கொண்டிருந்தார்.

டெம்பிள் இந்தத் தடவை சிக்கனத்தை நிரூபிக்க வந்தவர். வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அந்த ஒரு பவுண்டும் அரை அணாவும். இதற்கு முன் ஒன்றரை பவுண்டாக இருந்த அளவு அது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம், ஏறத்தாழ 1,600 கலோரி. அதை வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை கல் உடைப்பதும் மண் சுமப்பதும். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். வேலைத்தலங்களில் ஜனங்கள் எலும்பும் தோலுமாகச் சரிவதைக் கண்ட பிறகு, சில மாதம் கழித்து அளவைக் கூட்டினார்கள். கூட்டியபோது கோடை வந்துவிட்டது. காலராவும் வயிற்றுப்போக்கும் பரவின. 1877 தென்மேற்குப் பருவமும் ஏமாற்றியது.

1877 ஜூன். லண்டனில் சாலிஸ்பரியின் கவனம் எங்கே இருந்தது என்பதற்கு இரண்டு தடயங்கள் உண்டு. ஜூன் 11 அன்று பிரபுக்கள் சபையில், ரஷ்யா இந்தியாவைப் பிடித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: சின்ன வரைபடத்தில் விரல் வைத்து அளக்காதீர்கள், பெரிய வரைபடம் வாங்கிப் பாருங்கள். நான்கு நாள் கழித்து லிட்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய புகழ்பெற்ற வரிகள் வருகின்றன. நிபுணர்களை நம்பவே கூடாது என்பதுதான் வாழ்க்கை புகட்டும் பாடம். வைத்தியரை நம்பினால் எதுவும் உடம்புக்கு ஆகாது, மதகுருவை நம்பினால் எதுவும் பாவமில்லாதது இல்லை, சிப்பாயை நம்பினால் எதுவும் பாதுகாப்பானது இல்லை. இன்றைக்கும் மேடைகளில் எடுத்துச் சொல்லும் வரிகள். ரஷ்யப் பூச்சாண்டி காட்டும் தளபதிகளைக் குறித்து அவர் எழுதியது அது, அந்த அளவில் நியாயமும் உண்டு. ஆனால் சேலத்திலும் பெல்லாரியிலும் கஞ்சித்தொட்டிகளின் முன் ஜனங்கள் வரிசையில் விழுந்துகொண்டிருந்த மாதம் அது. இந்த அளவு சோறு போதாது என்று எண்ணிக்கையோடு எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வைத்தியர். ‘வைத்தியரை நம்பினால்’ என்ற இடம் வரும்போது என்னால் கார்னிஷை நினைக்காமல் அதைத் தாண்ட முடிந்ததில்லை.

தானிய ஏற்றுமதிக்குத் தடை வரவில்லை. அந்தப் பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சென்னையில் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி முதலானோர் நிவாரணக் குழு அமைத்து லண்டன் மேயரிடம் முறையிட்டார்கள். சாதாரண ஜனங்கள் கொடுத்துச் சேர்ந்த நன்கொடை மட்டும் சுமார் 8 லட்சம் பவுண்டு. மக்கள் மனம் கல்லாக இருக்கவில்லை என்பதற்கு அது போதும். பஞ்சம் பிழைக்க இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வழியில் விழுந்தவர்கள் கணக்கில் வரவில்லை. 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. சென்னை மாகாணத்தின் பங்கு அதில் மிகப் பெரியது. பத்து வருஷத்தில் வளர்ந்திருக்க வேண்டிய மாகாணத்தின் தலைத்தொகை 1871ஐவிட 1881இல் குறைவாக இருந்தது.

எங்கே தவறியது

லிட்டன் கொடியவர், டெம்பிள் கஞ்சன், சாலிஸ்பரி தூரத்தில் இருந்தார் என்று முடிப்பது சுலபம். அது போதாது. நல்ல இதயம் இல்லாததும் காரணம் இல்லை, இருந்தது.

என் கணிப்பில் கோளாறு 1867 பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. அவர் கண்டித்தது அதிகாரிகளின் மெத்தனத்தை. இந்தத் தாசில்தார் சரியில்லை, அந்த கவர்னர் தூங்கினார் என்கிற மாதிரியான கண்டனம் அது. ஆளை மாற்றினால் சரியாகும் என்பது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. மழை தவறினால் எந்த நாளில், எந்த விலையில், யார் கட்டளைக்கும் காத்திருக்காமல் தானியம் நகர வேண்டும் என்று ஒரு விதி எழுதப்படவில்லை. அதனால் பீகாரில் நல்லவர் கையில் காரியம் நன்றாக முடிந்தது. சென்னையில் லிட்டன் கையில் அப்படியே தலைகீழாகப் போனது. இரண்டிலும் டெம்பிள் ஒரே ஆள் என்பதே, ஆளைப் பொறுத்த விஷயம் இல்லை இது என்பதற்கு ருசு.

அடுத்தது, நிபுணர்மீது அவருக்கிருந்த அவநம்பிக்கை. ஒரிசாவில் நிபுணர்கள்தான் கெடுத்தார்கள், உண்மை. ஆனால் ஒரிசாவில் தவறாகச் சொன்ன நிபுணர் பொருளாதாரம் பேசியவர், சென்னையில் சரியாகச் சொன்ன நிபுணர் வைத்தியம் பேசியவர். இருவரையும் ஒரே தராசில் வைத்தால், தராசே பழுதாகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், 1866இல் இந்தியா அவருக்குப் பொறுப்பு. 1877இல் அது பெரிய சதுரங்கத்தில் ஒரு கட்டம். ரஷ்யா, துருக்கி, ஆப்கனிஸ்தானம், லங்காஷயர் என்று நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஆத்தூர், தர்மபுரிக் கிராமங்கள் தெரிவதற்கு இடமே இல்லை.

பிறகு

1878 ஏப்ரல் 2 அன்று சாலிஸ்பரி வெளியுறவு மந்திரியாக மாறினார். இந்தியத் துறை கேத்தார்ன் ஹார்டியிடம் போனது. பத்து நாள் கழித்து நம் பஞ்சாங்கத்தில் பிறந்த புது வருஷத்தின் பெயர் வெகுதானிய. அந்தக் கோடையில் பெர்லின் மாநாட்டிலிருந்து பிரதமர் டிஸ்ரேலியோடு வெற்றியோடு திரும்பினார், லண்டன் ஆர்ப்பரித்தது. அதே ஆண்டு ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் அமைந்தது. 1880இல் அறிக்கை, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு. அறிகுறி என்ன, வேலை எப்போது திறப்பது, கூலி எவ்வளவு என்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.

சாலிஸ்பரி 1885, 1886, 1895 என மூன்று முறை பிரதமர் பதவி ஏற்றார். ஹாட்ஃபீல்டில் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர். வீட்டுக்கு மின்விளக்கு போட்டதில் இங்கிலாந்தில் முன்னோடிகளில் ஒருவர். கூரையில் கம்பி தீப்பிடித்தால் வீட்டார் மெத்தைத் திண்டுகளை எறிந்து அணைப்பார்களாம். அவர் பிரதமராக இருந்தபோதே 1896–97இலும் 1899–1900இலும் இந்தியாவில் மறுபடி பெரும்பஞ்சங்கள் வந்தன.

1888இல் எடின்பரோவில் பேசும்போது, ஒரு பிரிட்டிஷ் தொகுதி கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்துவிட்டதா என்பது சந்தேகம் என்றார். சொன்னது தாதாபாய் நௌரோஜியை. 1892இல் அதே நௌரோஜி மத்திய ஃபின்ஸ்பரியில் ஒற்றை இலக்க வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து மக்கள் சபைக்குள் போனார். அந்தத் தேர்தலில்தான் சாலிஸ்பரியின் அரசு போனது. இந்தியாவின் செல்வம் வெளியே வடிகிறது என்று நௌரோஜி எழுதியும் பேசியும் வாதாடியபோது, மீண்டும் மீண்டும் எடுத்துவைத்த சாட்சியம் 1875 குறிப்பின் அந்த ரத்த வரிதான்.

1903 ஆகஸ்டு 22 அன்று சாலிஸ்பரி ஹாட்ஃபீல்டில் இறந்தார். ஆப்பிரிக்காவில் அவர் பெயரில் எழுந்த நகரம் 1982இல் ஹராரே ஆனது. சென்னையில் அவர் பெயரைச் சொல்ல எதுவும் இல்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க 1877–78இல் பஞ்சக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் கவர்னரின் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. பறக்கும் ரயிலின் தூண்கள் இப்போது அதன் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன.